காலநிலை செய்தியில வர்ற வார்த்தைகளை எந்த வரிசையில பிடிக்கணும்: ஒரு முழு வழிகாட்டி

எங்க ஊர் நூலகத்துல சனிக்கிழமை சாயங்காலம் போட்டித் தேர்வுக்கு படிக்கிற பசங்களோட உக்காந்து பேப்பர் படிக்கிறது ரெண்டு மூணு வருஷமா எனக்கு ஒரு வேலையாவே ஆயிடுச்சு. பொருளாதாரம், அரசியல் சட்டமெல்லாம் சமாளிச்சுடறாங்க, காலநிலை மாற்றம்னு ஒரு செய்தி வந்தா மட்டும் தலையாட்டிட்டு அடுத்த பக்கம் திருப்பிடறாங்க. கேட்டா வார்த்தை எல்லாம் தெரியும்பாங்க. "நெட் ஜீரோன்னா என்னப்பா"ன்னு கேட்டா "புகையே விடாம இருக்கிறது சார்"னு பதில் வரும், அது தப்பு.

பிரச்சனை மனப்பாடத்துல இல்ல, வரிசையில. நூறு சொல்லை அகர வரிசையில படிச்சா ஒண்ணும் ஒட்டாது. கீழ இருக்கிறது நான் ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்தி சரிபண்ணின வரிசை. ஒவ்வொண்ணும் அடுத்ததுக்கு படி, அதனால நடுவுல தாவாதீங்க.

## 0. உக்கார்றதுக்கு முன்னாடி

ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், உங்க வீட்டு கரண்ட் பில், கடைசி ஒரு மாசத்துல வந்த காலநிலை செய்தி ஒரு பத்து. செய்தி ஏன் வேணும்னா, வார்த்தையை வாக்கியத்துக்குள்ள பார்த்தாதான் எங்க ஏமாத்துதுன்னு தெரியும்.

நோட்டுல ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துல மூணு கட்டம் போடுங்க: எந்த அலகு? எதோட ஒப்பிட்டு? எவ்வளவு காலத்துக்கு? இந்த மூணு கேள்விதான் இந்த மொத்த வழிகாட்டியும். பொருள் எழுதற கட்டத்தை கடைசியில வச்சுக்கோங்க, முதல்ல எழுதினா மனசு அதோட நின்னுடும்.

## 1. வானிலை, காலநிலை, பருவநிலை

இன்னைக்கு மழை பெய்யுதா, அது வானிலை. ஒரு ஊர்ல வழக்கமா எப்படி இருக்கும்ங்கிறது காலநிலை. "வழக்கமா"ன்னா எத்தனை வருஷம்? 30 வருஷ சராசரி. இப்போ வெப்பத்துக்கு இந்திய வானிலை ஆய்வு மையம் "இயல்பு"ன்னு சொல்றது 1991ல இருந்து 2020 வரைக்குமான சராசரியை. "இயல்பை விட 3 டிகிரி அதிகம்"னு பார்த்தா அந்த 30 வருஷத்தோட ஒப்பிட்டுதான் சொல்றாங்க, நம்ம தாத்தா காலத்தோட ஒப்பிட்டு இல்ல.

இங்க தமிழ்ல தனியா ஒரு குழப்பம் இருக்கு. சில பேப்பர் "பருவநிலை மாற்றம்"னு எழுதும், சில பேப்பர் "காலநிலை மாற்றம்"னு எழுதும், ரெண்டும் ஒண்ணுதான். ஆனா பருவநிலைன்னு பார்த்த உடனே கோடை போய் மழைக்காலம் வர்றதுன்னு நினைக்கிறவங்க நிறைய. நோட்டுல ரெண்டையும் ஒரே வரியில எழுதிடுங்க.

இந்த படியில எல்லாரும் பண்ற தப்பு, ஒரு நாள் வெயிலையோ ஒரு வெள்ளத்தையோ காட்டி "பாத்தியா காலநிலை மாற்றம்"னு சொல்றது, இல்லன்னா மார்கழி குளிரை காட்டி "எங்கப்பா வெப்பமயமாதல்"னு கேக்கறது. ரெண்டுமே ஒரு நாளை வச்சு 30 வருஷத்தை எடை போடற வேலை.

## 2. பசுமை இல்ல வாயு, அதுல இருக்கிற ரெண்டு பொறி

ஒரு பையன் "பசுமை இல்ல வாயுவை அதிகப்படுத்தணும்"னு கட்டுரை எழுதிட்டு வந்தான். அவனை திட்ட மனசு வரல, பசுமைன்னு பேர் வச்சா நல்லதுன்னுதானே தோணும். இது குளிர் நாட்டுல செடி வளர்க்கிற கண்ணாடி கொட்டகையில இருந்து வந்த பேர். வெயில் உள்ள வரும், சூடு வெளிய போகாது, வெயில்ல நிறுத்தின கார் மாதிரின்னு வச்சுக்கோங்க. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, நீராவி, இதெல்லாம் பூமியில இருந்து மேல போற வெப்பத்தை பிடிச்சு வைக்குது. கொஞ்சம் இருந்தாதான் நாம உயிரோட இருக்க முடியும், கூடிட்டே போறதுதான் பிரச்சனை.

ரெண்டாவது பொறி ஓசோன். "ஓசோன்ல ஓட்டை விழுந்ததாலதான் பூமி சூடாகுது"ன்னு பத்துல ஏழு பேர் சொல்றாங்க. அது வேற கதை. ஓசோன் படலம் புற ஊதாக் கதிரை தடுக்குது, அதை கெடுத்தது பழைய ஃபிரிட்ஜ், ஸ்பிரே வாயுக்கள், அதுக்கு 1987லயே மாண்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டு ஓரளவு கட்டுக்குள்ள கொண்டு வந்தாச்சு. நோட்டுல ஓசோனுக்கு தனிப் பக்கம் ஒதுக்குங்க.

கறுப்புப் புகையையும் இதோட சேர்க்காதீங்க. கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்கு தெரியாது, வாசனை கிடையாது. போகி அன்னைக்கு சென்னையில மூச்சு முட்டுதே, அது பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதுக்கு சின்னதுமான துகள், அதை காற்றுத் தரக் குறியீட்டுல பார்ப்பாங்க. அந்த குறியீடு எல்லா மாசுக்கும் சேர்த்து எடுத்த சராசரி இல்ல, அதுல எது ரொம்ப மோசமோ அதோட எண்ணுதான் வெளிய வரும். காற்று மாசும் காலநிலை மாற்றமும் ஒரே அடுப்புல இருந்து வரலாம், ஆனா அளக்கிற முறை வேற, அடிக்கிற இடம் வேற.

## 3. உமிழ்வும் செறிவும்

இந்த படி புரியாம மேல போனா எல்லாமே கோணலாத்தான் தெரியும், அதனால நிதானமா பாருங்க.

ஒரு தண்ணித் தொட்டி. குழாய்ல வர்ற தண்ணி உமிழ்வு, அதாவது ஒரு வருஷத்துல எவ்வளவு விட்டோம், அலகு டன். தொட்டியில நிக்கிற மட்டம் செறிவு, அலகு பிபிஎம், அதாவது காத்துல பத்து லட்சம் மூலக்கூறு எடுத்தா அதுல எத்தனை அந்த வாயு. தொழிற்சாலை காலத்துக்கு முன்னாடி கார்பன் டை ஆக்சைடு சுமார் 280 பிபிஎம். ஹவாய்ல மௌனா லோவா மலையில 1958ல அளக்க ஆரம்பிச்சப்போ சுமார் 315. இப்போ 420ஐ தாண்டியாச்சு.

தொட்டிக்கு அடியில ஒரு ஓட்டையும் இருக்கு. கடலும் காடும் மண்ணும் நாம விடறதுல ஏறக்குறைய பாதியை உறிஞ்சிடுது. இதைத்தான் கார்பன் சிங்க்னு சொல்றாங்க, தமிழ்ல கார்பன் உறிஞ்சி, கார்பன் தேக்கம்னு விதவிதமா வரும். பிச்சாவரம் அலையாத்திக் காடு, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பத்தின செய்தியில இந்த வார்த்தை வந்தா இதுதான் அர்த்தம்.

இப்போ தப்புக்கு வருவோம். 2020ல ஊரடங்குல உலக உமிழ்வு சுமார் 5 சதவீதம் குறைஞ்சுது. "அப்போ பூமி குளிர்ந்திருக்கணுமே"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. குழாயை கொஞ்சம் திருகி சின்னதாக்கினோம், மூடல. தொட்டி மட்டம் அந்த வருஷமும் ஏறத்தான் செஞ்சுது. "உமிழ்வு குறைந்தது"ங்கிற தலைப்புக்கும் "செறிவு புதிய உச்சம்"ங்கிற தலைப்புக்கும் சண்டை கிடையாது, ரெண்டும் ஒரே வாரத்துல வரலாம்.

## 4. டன் கணக்கை வீட்டு பில்லுல போட்டுப் பாக்கிறது

இப்போ கரண்ட் பில்லை எடுங்க. ஒரு யூனிட்ங்கிறது ஒரு கிலோவாட் மணி. இந்திய மின் தொகுப்புல சராசரியா ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட்னா 280 கிலோ, வருஷத்துக்கு ஆறு பில், 1,680 கிலோ, அதாவது ஒண்ணே முக்கால் டன்னுக்கு கொஞ்சம் கம்மி. இதை நீங்களே கையால போட்டாதான் "டன்"ங்கிற சொல் காத்துல இருந்து தரைக்கு இறங்கும், நான் சொல்லி பிரயோஜனம் இல்ல.

பெட்ரோல் ஒரு லிட்டர் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ. லிட்டரே முக்கா கிலோதான் எடை, அப்புறம் எப்படி 2.3 வரும்னு கட்டாயம் யாராவது கேப்பாங்க, நல்ல கேள்வி. பெட்ரோல்ல இருக்கிற கார்பன் காத்துல இருந்து ஆக்சிஜனை இழுத்துக்குது, அந்த எடையும் சேருது.

இதே காரணத்தாலதான் "ஒரு டன் கார்பன்"னும் "ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு"ன்னும் எழுதறதுல பெரிய வித்தியாசம் இருக்கு. முதல் டன்னு ரெண்டாவது கணக்குல 3.67 டன். அவசரத்துல "கார்பன்"னு மட்டும் எழுதற செய்தி ஏராளம், எதை சொல்றாங்கன்னு பார்த்துட்டு எண்ணை எடுங்க.

அடுத்து "சமான டன்". மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒரே தராசுல போடறதுக்கான ஏற்பாடு. 100 வருஷ கணக்குல மீத்தேன் ஒரு டன் சுமார் 28 மடங்கு சூடாக்கும், 20 வருஷ கணக்குல சுமார் 80 மடங்கு. ஏன் இவ்வளவு வித்தியாசம்னா மீத்தேன் காத்துல சுமார் 12 வருஷம்தான் தங்கும், இருக்கிற வரைக்கும் வெளுத்து வாங்கிட்டு போயிடும். நெல் வயல், மாட்டுக் குடல், குப்பைக் கிடங்கு, இதெல்லாம் மீத்தேன் கணக்கு. ரெண்டு செய்தியில வேற வேற மடங்கு வந்தா ஒண்ணு பொய்னு நினைக்காதீங்க, மூணாவது கட்டத்தை பாருங்க, எவ்வளவு காலத்துக்கு?

## 5. 1.5 டிகிரி

"ஒன்றரை டிகிரிதானே, ஏசி ரிமோட்ல அதை விட ஜாஸ்தி மாத்தறோம்." இதை கேக்காத சனிக்கிழமை இல்ல.

பூமி சூடாகிறதை இந்த அளவோட நிறுத்த முயற்சி பண்றதா பாரிஸ் ஒப்பந்தத்துல நாடுங்க ஒத்துக்கிட்ட எல்லை இது. இது ஒரு ஊரோட ஒரு நாள் சூடு இல்ல, கடலும் துருவமும் ராத்திரியும் பகலும் சேர்த்து முழு பூமியோட சராசரி. கடைசி பனியுகத்தோட உச்சத்துல அந்த சராசரி தொழிற்சாலை காலத்துக்கு முன்னாடி இருந்ததை விட சுமார் 5ல இருந்து 7 டிகிரிதான் கம்மி, அதுக்கே வட அமெரிக்காவுல பாதி பனிக்கட்டிக்கு அடியில கிடந்துச்சு. அப்போ ஒன்றரை எவ்வளவு பெருசுன்னு பாத்துக்கோங்க.

எதோட ஒப்பிட்டு? 1850ல இருந்து 1900 வரைக்குமான சராசரியோட. எவ்வளவு காலத்துக்கு? சுமார் 20 வருஷ சராசரி. உலக வானிலை அமைப்பு 2024ஐ சுமார் 1.55னு கணக்கு போட்டுச்சு, உடனே "பாரிஸ் ஒப்பந்தம் தோத்துடுச்சு"ன்னு தலைப்பு. 2015ல பாரிஸ்ல பேசினது நீண்டகால சராசரியை, ஒரு வருஷம் தாண்டினது ஆபத்தான அறிகுறி, ஆனா எல்லை மீறினதா கணக்குல வராது.

ஒரு சின்ன கணக்குத் தப்பு: இதை ஃபாரன்ஹீட்டுக்கு மாத்தறப்போ 32 கூட்டாதீங்க. இது வெப்பநிலை இல்ல, வெப்பநிலையோட வித்தியாசம். 1.5ஐ 1.8ஆல பெருக்கினா 2.7, அவ்வளவுதான்.

## 6. எச்சரிக்கை அறிவிப்புல வர்ற சொற்கள்

இதை ஏன் ஆறாவதா வச்சேன்னா "இயல்பு"ங்கிறது புரியாம வெப்ப அலை புரியாது.

சமவெளியில வெப்ப அலைன்னு சொல்ல, அதிகபட்ச வெப்பம் குறைஞ்சது 40 டிகிரி இருக்கணும், அதோட இயல்பை விட 4.5 டிகிரியாவது கூட இருக்கணும். கடலோரத்துல 37, மலையில 30. இயல்பு என்னவா இருந்தாலும் 45ஐ தொட்டா வெப்ப அலைதான். வேலூர்ல மே மாசம் 41 அடிச்சும் அறிவிப்பு வரலன்னு கோவப்படறாங்க, அங்க 40 பக்கம் போறதே வழக்கம், அதனால வித்தியாசம் 4.5 வராது. உடம்புக்கு கஷ்டம் இல்லன்னு அர்த்தம் இல்ல. இன்னொண்ணு, இந்த அளவை எடுக்கிறது நிழல்ல, காத்து போற வெள்ளைப் பெட்டிக்குள்ள. உங்க மொட்டை மாடியோ ஃபோன்ல காட்டற "உணரும் வெப்பமோ" வேற எண்ணு.

மழைக்கும் அளவு இருக்கு. ஒரு நாள்ல 64.5 மில்லிமீட்டர்ல இருந்து 115.5 வரைக்கும் கனமழை, 115.6ல இருந்து 204.4 வரைக்கும் மிக கனமழை, அதுக்கு மேல அதி கனமழை. "ஒரு நாள்"னா காலையில 8.30ல இருந்து மறுநாள் காலையில 8.30. அறிக்கையில மில்லிமீட்டர், பேப்பர்ல சென்டிமீட்டர், பத்தால வகுக்க மறந்துட்டு ஃபார்வர்டு பண்றவங்களால ஒவ்வொரு ஐப்பசியும் ஒரு பீதி கிளம்பும்.

மழை எண்ணை லிட்டரா மாத்திப் பழகுங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர்னா ஒரு லிட்டர். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் பெஞ்சுது. 100 சதுர மீட்டர் மாடின்னா 95 ஆயிரம் லிட்டர், 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி எட்டை ஒரு வீட்டு மாடியில கவுத்த மாதிரி.

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்"ங்கிறதை நேரா எடுத்துக்காதீங்க. எந்த வருஷத்தை எடுத்தாலும் அது வர ஒரு சதவீத வாய்ப்பு, அதுதான் அர்த்தம். போன வருஷம் வந்துடுச்சு இனி 99 வருஷம் நிம்மதின்னு இல்ல. 30 வருஷ வீட்டுக் கடன் கட்டற காலத்துக்குள்ள ஒரு தடவையாவது வர வாய்ப்பு 26 சதவீதம், நாலுல ஒண்ணு. அதுவும் பழைய பதிவை வச்சு போட்ட கணக்கு, காலநிலை மாறினா அந்த ஒரு சதவீதமே மாறும்.

எல் நினோவை, அதாவது பசிபிக் கடலோட நடுவும் கிழக்கும் வழக்கத்தை விட சூடாகிறதை பத்தி ஒரு வரி. இந்தியாவுக்கு மழை குறையும்னு செய்தி வரும், அது தென்மேற்கு பருவமழைக்கு. நம்மூர் வடகிழக்கு பருவமழை எல் நினோ வருஷத்துல பெரும்பாலும் கூடத்தான் செய்யும், 2015 சென்னை வெள்ளம் வந்தது ஒரு பலமான எல் நினோ வருஷம்.

## 7. கடல் மட்டமா, கடலரிப்பா

கரை அரிச்சா உடனே கடல் மட்டம் ஏறிடுச்சும்பாங்க. கடல் மட்டம் ஏறறது உண்மை, உலக சராசரியில 1901ல இருந்து 2018க்குள்ள சுமார் 20 சென்டிமீட்டர். முக்கிய காரணம் ரெண்டு: தண்ணி சூடாகி விரியறது, நிலத்து மேல இருக்கிற பனி உருகி கடல்ல சேர்றது. ஏற்கனவே கடல்ல மிதக்கிற பனி உருகினா மட்டம் ஏறாது, டம்ளர்ல ஐஸ் போட்டு பாருங்க.

ஆனா நம்ம கிழக்குக் கரையில மணல் வருஷ மொத்தத்துல தெக்க இருந்து வடக்க நகருது. நடுவுல கல்லைப் போட்டா தெக்க மணல் சேரும், வடக்க அரிக்கும். சென்னை துறைமுகம் கட்டினதும் மெரினா அகலமாச்சு, ராயபுரம் பக்கம் கரை போச்சு. அதனால ஒரு மீனவ ஊர் கரை போற செய்தியை படிச்சா, பக்கத்துல தெக்க ஏதாவது கட்டியிருக்காங்களான்னு முதல்ல மேப்ல பாருங்க.

## 8. தணிப்பு, தகவமைப்பு

ஒரே கேள்விதான்: இது காரணத்தை குறைக்குதா, விழற அடியை குறைக்குதா? காரணத்தை குறைச்சா தணிப்பு, மாடியில சோலார் மாதிரி. அடியை குறைச்சா தகவமைப்பு, மழைநீர் வடிகால் மாதிரி. அலையாத்திக் காடு ரெண்டுலயும் வரும். ஏசி அடியை குறைச்சு காரணத்தை கூட்டும். ரெண்டாலயும் தாங்க முடியாம போறது "இழப்பும் சேதமும்", அதுக்கு தனி நிதி வேணும்னு 2022ல எகிப்துல முடிவாச்சு. இலங்கைப் பக்க எழுத்துல தகவமைப்பை இசைவாக்கம்னு பார்ப்பீங்க, குழம்ப வேண்டாம்.

## 9. நெட் ஜீரோ

தொட்டி நியாபகம் இருக்கா? குழாய்ல நாம விடற அளவும், தொட்டியில இருந்து நாமளே திரும்ப எடுக்கிற அளவும் சமமானா நெட் ஜீரோ, நிகர பூஜ்ஜியம். புகையே இல்லாம இருக்கிறது இல்ல. நம்மால மட்டம் ஏறறது நிக்கும்.

இந்தியா 2070க்குள்ளன்னு 2021ல கிளாஸ்கோவுல அறிவிச்சுது. ஒரு கம்பெனி "நாங்க கார்பன் நியூட்ரல்"னு விளம்பரம் பண்ணா நாலு விஷயம் பாருங்க: எந்தெந்த வாயு, எந்தெந்த வேலை கணக்குல சேர்ந்திருக்கு, எவ்வளவை நிஜமா குறைச்சாங்க, எவ்வளவை கிரெடிட் வாங்கி சரிக்கட்டினாங்க. ஒரு கார்பன் கிரெடிட்னா வேற எங்கயோ ஒரு சமான டன் குறைச்சதுக்கான சீட்டு. மரம் நட்டு வாங்கின சீட்டுன்னா என் சந்தேகம் கொஞ்சம் கூடும், நட்ட கன்னு எத்தனை நின்னுச்சுன்னு ஊருக்குள்ள நமக்கு தெரியாதா என்ன. நின்னாலும் ஒரு தீ வந்தா சேர்த்தது திரும்ப காத்துக்கே போயிடும், கம்பெனி விட்ட கார்பன் டை ஆக்சைடு மட்டும் நூத்துக்கணக்கான வருஷம் நிக்கும்.

## 10. யார் எதை சொல்றாங்க

ஐபிசிசிங்கிறது ஐநாவோட காலநிலை மாற்ற நிபுணர் குழு, 1988ல ஆரம்பிச்சது, அது தானா ஆராய்ச்சி பண்றதில்ல, வெளியான ஆய்வுகளை எல்லாம் எடுத்து எடைபோட்டு அறிக்கை தருது. அதுல "வாய்ப்புள்ளது"ன்னு வந்தா சும்மா சொல்றது இல்ல, 66 சதவீதத்துக்கு மேலன்னு அர்த்தம், "மிகவும் வாய்ப்புள்ளது"ன்னா 90க்கு மேல. தமிழ்ப்படுத்தறப்போ இந்த "மிகவும்" தொலைஞ்சு போயிடும், அதனால எண்ணு கொடுத்திருந்தா எண்ணையே எழுதிக்கோங்க.

வருஷா வருஷம் நடக்கிற ஐநா காலநிலை மாநாட்டை "கட்சிகளின் மாநாடு"ன்னு மொழிபெயர்க்கிறாங்க. எந்த கட்சி சார்னு கேட்டாங்க. 1992ல போட்ட ஐநா காலநிலை ஒப்பந்தத்துல சேர்ந்த நாடுங்கதான் இங்க கட்சி, தரப்பினர்னு எழுதினா நல்லாயிருக்கும்.

## 11. ஒரு செய்தியை பிரிச்சு மேயறது

இப்போ ஒண்ணை முழுசா பண்ணுவோம். 2022ல இந்தியா கொடுத்த உறுதிமொழியில ரெண்டு விஷயம்: 2030க்குள்ள உமிழ்வுச் செறிவை 2005ஐ விட 45 சதவீதம் குறைக்கிறது, மின் நிறுவு திறன்ல 50 சதவீதம் புதைபடிவ எரிபொருள் (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு) அல்லாததா ஆக்கறது. 2025 நடுவுல ரெண்டாவதை முன்னாடியே எட்டியாச்சுன்னு அறிவிப்பு வந்துச்சு, "இந்தியாவின் பாதி மின்சாரம் பசுமை"ன்னு அன்னைக்கே என் ஃபோனுக்கு நாலு ஃபார்வர்டு.

முதல்ல அந்த "உமிழ்வுச் செறிவு". இது மூணாவது படியில பார்த்த தொட்டி மட்டம் இல்ல, அதே தமிழ் சொல்லை வேற பொருளுக்கு போட்டிருக்காங்க. இங்க அது ஒரு ரூபாய் பொருளாதார உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வுங்கிற விகிதம். விகிதம் 45 சதவீதம் குறைஞ்சு பொருளாதாரம் மூணு மடங்கு வளர்ந்தா, மொத்த உமிழ்வு 0.55 பெருக்கல் 3, அதாவது 1.65 மடங்கு. இலக்கையும் எட்டலாம், மொத்தமும் ஏறலாம்.

அடுத்து அலகு. நிறுவு திறன்னா மெகாவாட், எல்லாம் முழு வேகத்துல ஓடினா எவ்வளவு தரும்ங்கிறது. நாம வாங்கறது யூனிட். சோலார் ராத்திரி தூங்கும், ஒரு கிலோவாட் பேனல் நம்மூர் வெயில்ல ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும், 24 இல்ல. நிலக்கரி ஆலை ராத்திரியும் ஓடும். அதனால திறன்ல பாதி வந்தாச்சு, ஓடற கரண்ட்ல பெரும்பங்கு இன்னும் நிலக்கரி.

கடைசியா "பசுமை". உறுதிமொழியில இருக்கிற அளவு "புதைபடிவம் அல்லாத"ங்கிறதுதான். பெரிய அணையும் அணு உலையும் அதுல அடக்கம், அதாவது கூடங்குளமும் அந்த பாதிக்குள்ளதான் வருது.